மெடிக்கலுக்கு முந்தைய ஏழு நாட்கள்

என் கணவர் வருஷத்தில் ஏழு நாள் மட்டும் நடப்பார். மீதி நாட்களில் தெருமுனைக் கடையில் கறிவேப்பிலை வாங்கக்கூட பைக்கை எடுப்பார். எங்கள் வாசலில் நின்றால் அந்தக் கடைக்காரர் முகம் தெரியும், அவ்வளவுதான் தூரம். "நடந்து போய்ட்டு வந்தா என்னங்க" என்று கேட்டால், "அங்கிட்டு ஒரு வேலை இருக்கு, அப்படியே பாத்துட்டு வாரேன்" என்பார். அங்கிட்டு ஒரு வேலையும் இருக்காது. ஓசூருக்கு வந்து இருபது வருஷமாகியும் விருதுநகர்ப் பக்கத்து அங்கிட்டும் இங்கிட்டும் அவர் வாயை விட்டுப் போகவில்லை. பைக் சாவியும் கையை விட்டுப் போகவில்லை.

அவர் சிப்காட்டில் இரும்பு வார்க்கிற ஒரு தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுகிறார். கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடும் கிரேன். உருகிய இரும்பு நிறைந்த தொட்டியைத் தூக்கிக்கொண்டு, வேலை செய்கிறவர்களுக்கு மேலே உயரத்தில் போகும். அதனால் கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனியில் உடல் பரிசோதனை உண்டு. அவர்கள் பேச்சில் அது 'மெடிக்கல்'. கண் பார்ப்பார்கள், பிரஷர் பார்ப்பார்கள், வெறும் வயிற்றில் சர்க்கரை பார்ப்பார்கள். சர்க்கரை என்று எழுதிவிட்டால் கிரேனை விட்டு இறக்கிப் பேக்கிங்குக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அங்கே எல்லோருக்கும் ஒரு பயம். என் கணவருக்கு அந்தக் கேபினில் ஏறி உட்கார்ந்தால்தான் தானும் ஒரு ஆள் என்ற நினைப்பு வரும். அதை விட்டு இறங்குவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியாது.

ஆகவே, மெடிக்கல் தேதி நோட்டீஸ் போர்டில் ஏறிய அன்று எங்கள் வீட்டுப் பரணிலிருந்து ஷூ இறங்கும். விடிகிற நேரத்துக்கு ராமநாயக்கன் ஏரிக்கரையில் என் கணவர் கையை வீசிக்கொண்டு போவதைப் பார்த்தால், ஏதோ போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தோன்றும். கன்னடத்தில் குடும்ப விஷயம் பேசிக்கொண்டு மெதுவாக நடக்கிற பெரியவர்களை எல்லாம் இடித்துத் தள்ளாத குறையாக முந்துவார். ராத்திரி சோறு கிடையாது, சப்பாத்தி இரண்டு. டீக்குச் சர்க்கரை கிடையாது. மெடிக்கல் அன்று காலையிலும் இரண்டு சுற்று முடித்துவிட்டுத்தான் ரத்தம் கொடுக்கப் போவார். 'ஃபிட்' என்று எழுதி வந்துவிடும். அன்று சாயங்காலமே பேக்கரியில் தேங்காயும் சர்க்கரையும் அடைத்த தில்பசந்த் வாங்கிக்கொண்டு வருவார், பெரிய துண்டு. ஷூ மறுபடி பரணுக்குப் போய்விடும்.

எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு இன்னொரு காரணம் உண்டு. இந்த வித்தை ஏன் பலிக்கிறது என்று எனக்குத் தெரியும். எனக்குச் சம்பளமே அதற்காகத்தான்.

அத்திப்பள்ளி தாண்டி, கர்நாடகப் பக்கம் இருக்கிற ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். மத்தூரிலிருந்து வந்து உயிர்வேதியியல் படித்தவள் என்று என்னைப் பற்றி எங்கள் சொந்தக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். நான் செய்வது பெரும்பாலும் சின்னக் குழாய்களில் எண் எழுதுகிற வேலை. குழாய்க்குள் இருப்பது மனிதத் தசை, அரிசி மணி அளவு.

அந்தத் தசையில் நாங்கள் தேடுவது ஒரு நொதியை. செல்லுக்குள் எரிசக்தி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சதா பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அது பெரும்பாலும் தூங்கும். எழுந்து வேகமாக நடந்தால் தசை தன்னிடம் உள்ள ஏ.டி.பி. என்கிற எரிபொருளைச் செலவழிக்கும். செலவானதன் மிச்சமாக ஏ.எம்.பி. என்கிற சக்கை சேரும். அந்தச் சக்கை போய் ஒட்டியதும் நொதி விழித்துக்கொள்ளும். கொழுப்பு சேர்க்கிற வேலையை நிறுத்து, இருப்பதை எரி, ரத்தத்தில் போகிற சர்க்கரையை உள்ளே இழு என்று அதனிடமிருந்து உத்தரவுகள் கிளம்பும். செல்லுக்கு உள்ளே மடங்கிக் கிடக்கும் சர்க்கரை வாசல்கள் மேலே வந்து சுவரில் பொருந்திக்கொள்ளும். சாதாரணமாக அந்த வாசல்கள் மேலே வர இன்சுலின் வந்து சொல்ல வேண்டும். வேலை செய்கிற தசைக்கு அந்தச் சிபாரிசு தேவையில்லை. நடையை நிறுத்திய பிறகும் ஒரு நாள், இரண்டு நாள் தசை சர்க்கரையைச் சுலபமாக வாங்கிக்கொள்ளும். அப்புறம் பழையபடி ஆகிவிடும். இத்தனையும் அந்த ஒரே நொதி செய்வது என்று நான் சொன்னதாகத் தெரிந்தால் எங்கள் தலைமை விஞ்ஞானி அடிக்க வருவார். அந்த நொதிக்குக் கூட்டாளிகள் வேறு இருக்கிறார்கள். நான் சுருக்கிச் சொல்கிறேன்.

இதை என் கணவருக்கும் ஒருமுறை சுருக்கிச் சொன்னேன். வேலையில் சேர்ந்த புதிது. சாப்பிடும்போது "அப்படி என்னதான் பண்றீக அங்க?" என்று கேட்டார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் என் வேலையைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. எனக்குத் தலைகால் புரியவில்லை. "உங்க கம்பெனியில காத்துக் கம்ப்ரஸர் இருக்குதுல்லங்க. டேங்க்ல காத்து கொறஞ்சா ஒரு சுவிட்ச் விழுந்து மோட்டார் தானா ஓடுமே, அந்த மாதிரி சதைக்குள்ள ஒரு சுவிட்ச்" என்று ஆரம்பித்து, சோறு ஆறும் வரை சொன்னேன். அவரும் ரசத்தைக் குடித்துக்கொண்டே கவனமாகக் கேட்டார். நம் வேலையை மதித்து ஒரு மனுஷர் கேட்கிறாரே என்று அன்று நான் பட்ட சந்தோஷத்தை இப்போது நினைத்தால் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

போன வருஷம் ஓசூர்த் தொழிற்சாலைகளில் வேலை செய்கிற ஆண்களை வைத்து ஓர் ஆய்வு தொடங்கினோம். உடற்பயிற்சி பழக்கமே இல்லாத, நாற்பதைத் தாண்டிய ஆட்கள் வேண்டும். ஓசூரில் அதற்கா பஞ்சம்? ஆள் பிடிக்கிற பொறுப்பு எனக்கு வந்தது. முறை இதுதான்: இரண்டு நாள் உடம்பை அலட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும். காலையில் நாங்கள் அனுப்பும் வேனில் வந்து, லிஃப்டில் ஏறி, அரை மணி நேரம் படுத்திருக்க வேண்டும். தொடையை மரத்துப்போகச் செய்து ஓர் ஊசியால் துளி தசை எடுப்போம். பிறகு சைக்கிள் மிதிக்க வைத்து, இன்னொரு துளி எடுப்போம். எடுத்த அந்த நொடியே திரவ நைட்ரஜனில் போட்டு உறைய வைக்க வேண்டும், இல்லாவிட்டால் குழாய்க்குள்ளேயே கணக்கு மாறிவிடும். முதல் துளியில் நொதி தூங்க வேண்டும், இரண்டாவதில் விழித்திருக்க வேண்டும்.

சிலருடைய முதல் துளியிலேயே அது முழுசாக விழித்திருந்தது.

தலைமை விஞ்ஞானி என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், ஆனால் நல்ல மனிதர்கள் சந்தேகப்பட்டால் இன்னும் அதிகமாக வலிக்கும். "குழாய் மாறியிருக்குமா?" என்று மெதுவாகக் கேட்டார். மூன்று நாள் உறைபெட்டியைத் திறந்து மூடி, விரல் மரத்துப்போக ஒவ்வொரு எண்ணையும் சரிபார்த்தேன். ஒன்றும் மாறவில்லை. அப்படியானால் இந்த ஆட்கள் ஏதோ செய்திருக்கிறார்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். அது என் கணவருடைய ஏழு நாட்களில் நான்காவது நாள். அவர் ஏரிக்குப் போயிருந்தார்.

முதலில் பார்க்கப் போனது லேத் ஓட்டுகிற ஒரு பாயை. ஞாயிறுகளில் பாகலூர் ரோட்டில் தம்பியின் ஹார்ட்வேர் கடையில் இருப்பார். எனக்கு நாற்காலி போட்டு டீ வரவழைத்தார்.

"பாய், நெஜத்தச் சொல்லுங்க. அன்னிக்கு ஊசி போடறதுக்கு முன்னாடி என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலீங்க மேடம்."

"பாத்ரூம் போறேன்னு போனீங்களே, ரொம்ப நேரம் ஆச்சே."

அவர் ஆணிகளைக் கையால் கிளறிக்கொண்டே, "படி ஏறி எறங்கினேன்" என்றார்.

"எத்தன மாடி?"

"அஞ்சு. ரெண்டு தடவ."

"பாய், படுத்துக்கிட்டு இருக்கணும்னு தமிழ்ல எழுதிக் குடுத்து, படிச்சும் காட்டினேன். கையெழுத்தும் போட்டீங்க."

"கோவிச்சுக்காதீங்க மேடம். டெஸ்ட்டுன்னா நல்லா வரணும்ல? எனக்காக மட்டும் இல்ல. நீங்க இட்டுக்கினு போன ஆளு ஃபெயில் ஆயிட்டான்னு உங்களுக்குக் கெட்ட பேரு வரக்கூடாதுன்னுதான்."

இதில் பாஸும் இல்லை ஃபெயிலும் இல்லை என்று நூறு தடவை சொல்லியிருக்கிறேன். ஓசூரில் ஒரு ஆளிடம் ஊசியை நீட்டினால் அது மெடிக்கல்தான், மெடிக்கல் என்றால் தேறியாக வேண்டும். வேறு எந்த அர்த்தமும் அவர்கள் காதில் ஏறாது. "இதெல்லாம் யாரு பாய் உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டேன்.

"எல்லாரும்தான் பண்றாங்க மேடம். எம் மச்சான் கம்பெனியில கிரேன் ஓட்டற அண்ணன் ஒருத்தரு வெவரமா சொல்லுவாராம். சதைக்குள்ள கம்ப்ரஸர் மாதிரி ஒரு சுவிட்ச் இருக்குதாம். வேகமா நடந்தாக்கா அது விழுந்து, இன்சுலின் இல்லாமயே சக்கரைய உள்ள இழுத்துக்குமாம். அவரு சும்மா சொல்லல, அவரு வூட்டம்மா ஏதோ பெரிய லேப்புல இருக்காங்களாம்."

அந்த வீட்டம்மா நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. கடையில் தேவையே இல்லாத ஒரு தாழ்ப்பாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டில் அவர் ஏரியிலிருந்து வந்து ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். தாழ்ப்பாளை மேஜையில் வைத்த சத்தத்திலேயே நிமிர்ந்தார்.

"நான் சாப்பிடறப்ப சொன்னத ஊரு பூரா சொல்லி வெச்சிருக்கீங்களா?"

"எத?"

"சுவிட்ச."

அவர் முகம் மலர்ந்தது. சத்தியமாக மலர்ந்தது. "ஆமா. கேன்டீன்ல சொன்னேன். எத்தன பேரு பாஸ் ஆயிருக்கான் தெரியுமா? நாலு பேருக்கு நல்லது சொல்றது தப்பா?"

"நல்லதாங்க அது? வருஷம் பூரா உள்ள சக்கர ஏறிக் கெடக்குது. ஏழு நாளு அத மறைக்கறதுக்கு வழி சொல்லிக் குடுத்திருக்கீங்க. எங்க லேப் ஹெட்டு என்னைத் திருடியப் பாக்கற மாதிரி பாத்தாரு."

"எனக்குத்தான் சக்கரையே இல்லையே. வருஷா வருஷம் ரிப்போர்ட் இருக்குல்ல. எடுத்துட்டு வரட்டா?"

இங்கேதான் எனக்குப் பைத்தியம் பிடிக்கும். கேன்டீனில் அத்தனை பேருக்கும் ஏமாற்ற வழி சொல்லிக்கொடுத்துவிட்டு, அந்த ஏமாற்று ரிப்போர்ட்டைத் தானே நம்புகிறவரிடம் என்ன பேசுவது? இரண்டு வருஷமாக ராத்திரியில் பாதம் எரிகிறது என்கிறார், சர்க்கரை நரம்பைத் தின்கிற அறிகுறி அது. கேபினில் உட்காருகிற சூடு என்று அவரே காரணமும் சொல்லிக்கொள்கிறார். மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற ரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு, அதை எடுங்கள் என்று நான் கெஞ்சாத நாள் இல்லை. கம்பெனிக்குத் தெரிந்துவிடும் என்பார். தெரியாது என்றால், இல்லாத வியாதிக்கு எதற்கு டெஸ்ட் என்பார்.

புதன்கிழமை மெடிக்கல் நடந்தது. சாயங்காலம் தில்பசந்த் வந்தது. 'ஃபிட்' என்று எழுதிய தாளை என் முன்னால் விசிறி மாதிரி ஆட்டிவிட்டு, ஷூவைக் கழற்ற உட்கார்ந்தார். இடது கால் ஷூவைக் கவிழ்த்தபோது ஒரு ஜல்லித் துணுக்கு உருண்டு விழுந்தது. சுண்டு விரல் நகம் அளவு, ஒரு பக்கம் கூர். ஏரிக்கரை ரோட்டில் புதிதாகக் கொட்டியிருந்த ஜல்லி. அவர் அதை எடுத்துப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியாக எறிந்தார்.

நான் சாக்ஸைப் பார்த்தேன். கட்டை விரலுக்குக் கீழே பழுப்பாகக் காய்ந்து, நடுவில் ஈரமாக இருந்தது. உரித்து எடுத்தபோது தோலும் கொஞ்சம் கூடவே வந்தது. உள்ளே ஒரு குழி. அது ஒரு நாளில் வந்த புண் இல்லை.

"வலிக்கலையாங்க?"

"எது?" என்றார். அப்போதுதான் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார்.

அந்தக் கல்லின் மேல் எத்தனை நாள், எத்தனை சுற்று வேகவேகமாக நடந்திருக்கிறார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. எனக்கு வந்த கோபம் இவ்வளவு அவ்வளவு இல்லை. அதற்கு அடியில் இருந்தது பயம். அழுகை வந்தது, அவர் முன்னால் அழக்கூடாது என்று தில்பசந்தைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை கிளினிக்கில் டாக்டரம்மா புண்ணைச் சுத்தம் செய்துகொண்டே மூன்று மாதப் பரிசோதனைக்கு எழுதினார். என் கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"மேடம், ஒரு வாரம் டயம் குடுங்க. கொஞ்சம் நடந்துட்டு வந்து எடுத்துக்கிடுறேன்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த சிறுநீரகப் படத்தைப் பார்த்தேன்.

அந்தப் பரிசோதனையை ஏழு நாளில் ஏமாற்ற முடியாது. ஆறரை இருந்தாலே சர்க்கரை வியாதி, இவருக்கு ரிசல்ட் ஒன்பதரை என்று வந்தது. மாத்திரைகள் வந்தன. புண் ஆறும்வரை அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். நடக்க வேண்டிய வருஷங்களில் எல்லாம் பைக்கில் போன மனிதர், நடக்கிறேன் என்று தானே முன்வந்த நாளில் நடக்கக் கூடாது என்று ஆகிவிட்டது. இதற்கு யாரிடம் போய்க் கத்துவது?

கிரேனைப் பற்றி அவர் கேட்டபோது, சர்க்கரை கட்டுக்குள் வந்து, காலும் ஆறினால் கம்பெனி டாக்டருக்குத் தானே எழுதித் தருவதாக டாக்டரம்மா சொன்னார். மறைத்தால் மட்டும் எழுத மாட்டாராம். அதிலிருந்து வீட்டில் ஒரு புதுக் கூத்து. நொதி காலில் மட்டும் இல்லை, கைச்சதையிலும் இருக்கிறது என்று நான்தான் சொன்னேன். சொல்லிவிட்டு, இதையும் கேன்டீனுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்கித் தூக்கி இறக்குகிறார். மூச்சு வாங்கும்போது, "சுவிட்ச் விழுந்திருச்சா, பாரு" என்கிறார். எத்தனையோ பேர் தசையை உறைய வைத்துப் பார்த்தவள் நான். இவருடையதை எப்படிப் பார்ப்பது? "விழுந்திருக்கும், இன்னும் பத்து" என்கிறேன். ஒரு மாதமாக ஒரு நாள்கூட விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆய்வில் கெட்டுப்போன குழாய்களைப் பற்றி உண்மையைத் தலைமை விஞ்ஞானியிடம் சொன்னேன், கேன்டீன் உட்பட. அடுத்த தடவை நான் ஆட்களின் கூடவே பாத்ரூம் வாசல் வரை போக வேண்டும் என்றார் அவர். போகிறேன்.

தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் அவர் பாதத்தை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அதோடு வாரம் ஒருமுறை, அவர் கண்ணை மூடிக்கொள்ள, நான் ஒவ்வொரு விரல் நுனியையும் லேசாகத் தொட வேண்டும், தெரிகிறதா என்று அவர் சொல்ல வேண்டும். உணர்ச்சி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அறிய டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தது. போன வாரம் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துப் பார்த்துச் சொன்னார். அதனால் இந்த வாரம் என் துப்பட்டாவால் அவர் கண்ணைக் கட்டினேன்.

ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவர் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டேன். புண் கொஞ்சம் சுருங்கியிருந்தது. எந்த விரலில் ஆரம்பிக்கலாம் என்று பார்த்தபடி, "ரெடியாங்க?" என்றேன்.

"ம்."

"இப்ப?"

"தெரியுது" என்றார் உடனே, நல்ல சத்தமாக. "கட்ட வெரலு. நல்லாத் தெரியுது. பாஸ்தானே?"

நான் இன்னும் தொடவே இல்லை.